பிகிள்ஸ் குடிச்சது விஸ்கியா லெமனேடா? பழைய பைலட் கதை ஆளுங்க கொஞ்சம் உள்ள வாங்க

பழைய_பேப்பர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு சத்தமில்லாம போற ஆளு நான், இன்னைக்கு ஒரு பஞ்சாயத்தோட வந்திருக்கேன்.

எங்க பெரிய மாமா வீட்டைக் காலி பண்ணப்ப பரண்ல ஒரு அட்டைப்பெட்டி நிறைய இங்கிலீஷ் கதைப் புக்கு கெடச்சுது, அதுல பாதி பிகிள்ஸ். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஜேம்ஸ் பிகிள்ஸ்வொர்த், கூப்பிடுறது பிகிள்ஸ், முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் ஃபைட்டர் பைலட். டபிள்யூ.இ. ஜான்ஸ்னு ஒருத்தரு 1932ல ஆரம்பிச்சு 1968ல சாகுற வரைக்கும் இவனை வச்சே கிட்டத்தட்ட நூறு புக்கு எழுதிட்டாரு. நான் ஸ்கூல்ல படிக்கிறப்ப நாலஞ்சு படிச்சிருக்கேன், ஏதோ ப்ளேன் கதைங்கிறதைத் தவிர சுத்தமா மறந்து போச்சு.

இப்ப ஏழாவது படிக்கிற என் பையனுக்கு ராத்திரி ராத்திரி தமிழ்ல சொல்லிட்டு வரேன். நேத்து பலூன் கதை. பிகிள்ஸோட 266 ஸ்க்வாட்ரனுக்கும் பக்கத்து 287 ஸ்க்வாட்ரனுக்கும் ஜெர்மன்காரன் பலூனை வீழ்த்துறதுல போட்டி, பரிசு ஒரு பெட்டி லெமனேடு. நானும் அப்படியே சொல்லிட்டேன். பையன் போர்வைக்குள்ள இருந்து தலையை நீட்டி, "அப்பா, ஒரு பெட்டி கலருக்காகவா உசுரைக் குடுக்கப் போறாங்க?"ன்னு கேட்டான். எனக்கு பதில் இல்ல. இன்னைக்கு பெட்டியக் கெளறினா அட்டை கிழிஞ்ச இன்னொரு புக்குல அதே கதை, ஆனா பரிசு விஸ்கி! எது ஒரிஜினல், யாரு மாத்துனா, ஏன்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மழைக்காக்கை:

லெமனேடுக்காக மெஷின்கன் முன்னாடி போறவன் வீரன் இல்ல, சுகர் பேஷண்ட் 😂

வாசகன்63:

தம்பி, விஸ்கிதான் ஒரிஜினல், சந்தேகமே வேணாம்.

இந்தக் கதைங்க முதல்ல வந்தது சின்னப் பசங்களுக்கான பத்திரிகையில இல்ல. ஜான்ஸே எடிட்டரா இருந்த பாப்புலர் ஃப்ளையிங்னு ஒரு விமானப் பத்திரிகை, அதுல 1932 ஏப்ரல்ல முதல் பிகிள்ஸ் கதை. அதைப் படிக்கிற ஆளுங்கள்ல போர்ல நெசமாவே பறந்துட்டு உசுரோட திரும்பி வந்தவங்களும் இருந்தாங்க, அவங்ககிட்ட போயி மெஸ்ல உக்காந்து லெமனேடு குடிச்சோம்னு எழுதியிருந்தா பத்திரிகையைச் சுருட்டி மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பாங்க. அதே வருஷம் தொகுப்பா புக்கு வந்துச்சு. அப்புறம் பசங்க பிடிச்சுக்கிட்டாங்க, பப்ளிஷருக்கும் பசங்க மார்க்கெட்தான் பெருசுன்னு புரிஞ்சுது, 1950கள்ல அந்தப் பழைய கதைங்களைத் திரும்பப் போடும்போது விஸ்கி போயி லெமனேடு வந்துருச்சு. உங்க மாமா ரெண்டு பதிப்பையும் வாங்கி வச்சிருக்காரு, கொடுத்து வச்சவர் நீங்க. அந்த அட்டை கிழிஞ்சதைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுறாதீங்க, உங்க பேரைப் பாத்தா பயமா இருக்கு.

இன்னொண்ணு. அந்த முதல் கதையில பிகிள்ஸ் எப்படி அறிமுகமாறான்னு எடுத்துப் பாருங்க. இருபது வயசுகூட ஆகல. பொண்ணு கை மாதிரி சின்னக் கை, அந்தக் கை சட்டைக் காலர்கிட்ட போயிப் போயி எதையோ நோண்டிக்கிட்டே இருக்கும், கண்ணு ஒரு இடத்துல நிக்காது. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடிதான் ஒருத்தனைக் கொன்னுட்டு வந்திருக்கான். போன மாசம் ஆறு பேரு, மாசமா வருஷமான்னே அவனுக்கு ஞாபகம் இல்ல. இப்படி ஒரு ஆளைக் காட்டிட்டு அவன் கையில லெமனேடைக் குடுத்தா நல்லாவா இருக்கு?

பழைய_பேப்பர்:

ஐயா ரொம்ப நன்றி. புக்கு பத்திரமா இருக்கு, பேரு சும்மா வச்சது. இந்த ஆறு மணி நேர விஷயம் பெரிய புக்கைத் திறந்து பாத்தேன், நெசமாவே முதல் பக்கத்துலயே இருக்கு. நான் பையனுக்கு சொன்னப்ப "பிகிள்ஸ்னு ஒரு தைரியசாலி இருந்தான்"னு ஆரம்பிச்சிருந்தேன் 🙁

கேள்விக்குறி:

எல்லாரும் ரொம்ப உருகுறீங்க, அதனால ஒரு சந்தேகம். ஒரு பலூனைச் சுடுறதுல அப்படி என்ன பெரிய வீரம்? அது நகரக்கூட நகராதே. ஊர்த் திருவிழாவுல துப்பாக்கி வச்சு பலூன் சுடுறோமே, அந்த மாதிரிதான?

எஞ்சின்_ஃபிட்டர்:

கேள்விக்குறி தம்பிக்கு. நான் ஏர்ஃபோர்ஸ்ல எஞ்சின் பக்கம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், பைலட் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா இந்த விஷயம் கொஞ்சம் தெரியும்.

அது திருவிழா பலூன் இல்லப்பா. ஒரு லாரி மேல வின்ச் வச்சு, கம்பியில கட்டி மேல விடுற பெரிய சுரைக்காய் மாதிரி பலூன், உள்ள ஹைட்ரஜன். கீழ தொங்குற கூடையில ஒருத்தன் பைனாகுலரும் டெலிஃபோனும் வச்சுக்கிட்டு உக்காந்து, குண்டு எங்க விழுதுன்னு பாத்து பீரங்கிக்காரனுக்கு சொல்லுவான். ஒரு பலூன் மேல இருந்தா பத்து மைல் சுத்துல ட்ரெஞ்சுல இருக்கிறவன் தலையைத் தூக்க முடியாது. அதனால அதைச் சுத்தி கீழ மெஷின்கன், பீரங்கின்னு காவல் போட்டிருப்பாங்க, எந்த உயரத்துல பலூன் நிக்குதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும், துப்பாக்கியை அந்த உயரத்துக்கு செட் பண்ணி வச்சுட்டு காத்திருப்பாங்க. நீ வர்றது தெரிஞ்ச உடனே வின்ச்சைப் போட்டு பலூனை சர்ர்ர்னு கீழ இழுப்பாங்க, நீயும் அதுகூடவே கீழ இறங்கணும், அதாவது துப்பாக்கி வாய்க்குள்ள. கிட்டப் போயி சுட்டுப் பத்திக்கிச்சுன்னா அந்த நெருப்புக்குள்ளயே நீயும் பூந்து வரணும். இதுல கூத்து என்னன்னா, கூடையில உக்காந்திருக்கிறவனுக்கு பாராசூட் உண்டு, பிரிட்டிஷ் ஃபைட்டர் பைலட்டுக்கு அந்தப் போர் முடியுற வரைக்கும் பாராசூட் கிடையாது.

மழைக்காக்கை:

அண்ணே நெசமாவா? பைலட்டுக்கு கிடையாதா??

எஞ்சின்_ஃபிட்டர்:

கிடையாது. ஜெர்மன்காரன் 1918ல குடுக்க ஆரம்பிச்சான். இவங்க குடுக்கல. ப்ளேன் மரச்சட்டம், மேல துணி, துணி மேல பூசியிருக்கிற டோப்புங்கிற வார்னிஷ் மாதிரிப் பூச்சு பத்த வச்சா குப்புன்னு புடிக்கும், பெட்ரோல் டேங்க் ஆளுக்கு முதுகுப் பக்கம். தீப்பிடிச்சா என்ன பண்ணுவேன்னு ஒவ்வொருத்தனும் முன்னாடியே யோசிச்சு வச்சிருப்பான்.

அவன் ஓட்டின கேமல் ப்ளேனைப் பத்தி சொல்லலேன்னா எனக்கு தூக்கம் வராது, அதையும் சொல்லிடுறேன், மன்னிச்சுக்கோங்க, நீளமாப் போகும். பிகிள்ஸ் பேரைச் சொன்னாலே சாப்வித் கேமல்தான். அதுல இருந்தது ரோட்டரி எஞ்சின். நான் சர்வீஸ்ல ஹார்வர்டுங்கிற ட்ரெய்னிங் ப்ளேன்ல பாத்தது ரேடியல், ரெண்டும் பாக்க ஒரே மாதிரி சிலிண்டரை வட்டமா அடுக்கினதுதான், ஆனா ரேடியல்ல எஞ்சின் நிக்கும், உள்ள கிராங்க்ஷாஃப்ட்ங்கிற நடுத்தண்டு சுத்தும். ரோட்டரியில தலைகீழ். கிராங்க்ஷாஃப்ட்டை ப்ளேன் பாடியில போல்ட் போட்டு இறுக்கிட்டு மொத்த எஞ்சினும் ப்ரொப்பல்லரோட சேந்து கிறுகிறுன்னு சுத்தும். அவ்வளவு கனம் மூக்குல பம்பரமா சுத்துனா என்ன ஆகும்? வலப்பக்கம் திருப்பினா கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள திரும்பும், மூக்கு கீழ குத்தும். இடப்பக்கம் திருப்பினா மெதுவாத் திரும்பும், மூக்கு மேல தூக்கும். எஞ்சின், துப்பாக்கி, ஆளு, பெட்ரோல் எல்லாம் முன்னாடி ஏழு அடிக்குள்ள அடைச்சு வச்சிருக்கு, அதனால பழகுனவன் கையில வித்தை காட்டும், பழகாதவனைக் கொன்னுரும். மேல கிளம்பின உடனே பெட்ரோல் கலவையை லிவரைப் பிடிச்சு சரியாக் குறைக்கணும், விட்டா எஞ்சின் மூச்சுத் திணறி நிக்கும், உடனே ஸ்பின், அதாவது ப்ளேன் சுத்திக்கிட்டே விழும், சமாளிக்க உயரம் இல்ல, அவ்வளவுதான். கேமல்ல சண்டையில செத்தவங்க 413 பேரு, சண்டையே இல்லாம செத்தவங்க 385 பேரு. கிட்டத்தட்ட சமம். அந்த ரெண்டாவது நம்பரை எந்த சாகசக் கதையிலயும் யாரும் எழுத மாட்டாங்க.

அப்புறம் விளக்கெண்ணெய். ஆமா, நம்ம பாட்டி மூக்கைப் பிடிச்சு ஊத்துற அதே விளக்கெண்ணெய்தான். ரோட்டரியில பெட்ரோலும் காத்தும் கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினோட நடுக் கூடு வழியாத்தான் சிலிண்டருக்குப் போகும், சாதா ஆயில் போட்டா பெட்ரோல்ல கரைஞ்சு போயிரும், விளக்கெண்ணெய் கரையாது. அதனால அதை ஊத்துவாங்க. திரும்ப டேங்குக்கு வராது, எரிஞ்சது பாதி எரியாதது பாதின்னு எல்லாம் வெளிய பீச்சும், பின்னாடி உக்காந்திருக்கிறவன் மூஞ்சி, கண்ணாடி, கம்பளிக் கழுத்துத்துணி எல்லாம் விளக்கெண்ணெய். ரெண்டு மணி நேரம் அந்தப் புகையை மூச்சுல இழுக்கணும்.

மழைக்காக்கை:

அப்ப "விளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சி"ங்கிறதுக்கு முழுத் தகுதி உள்ள ஆளுங்க இவங்கதான் 🙏 ஃபிட்டர் அண்ணே நீங்க தனியா இழை தொடங்குங்க, தினமும் வரேன்.

யாழ்_வாசகி:

வணக்கம். நான் இதெல்லாம் சின்னனில வாசிச்சனான், அண்ணாவின்ரை புத்தகங்கள். அண்ணா சண்டைப் பக்கமா வாசிப்பார், நான் ஆக்களைப் பாப்பன். பிகிள்ஸ் ஏன் கலியாணம் கட்டேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?

அந்த முதல் தொகுப்பிலேயே ஒரு கதை இருக்குது. எஞ்சின் பழுதாகி ஒரு பிரெஞ்சு மாளிகைக்குப் பக்கத்தில இறங்கிறார், அங்க மரி ஜானிஸ் எண்டு ஒரு பெட்டை. இவருக்கு ஒரேயடியா மனம் போயிட்டுது. அவள் ஒரு கடிதம் குடுத்து இதை எல்லைக்கு அங்கால போட்டு விடுங்கோ எண்டு கேக்கிறாள். கடைசியில பாத்தால் அவள் ஜெர்மன் உளவாளி. அதுக்குப் பிறகு முப்பது வருசத்துக்கு மேல ஜான்ஸ் இவருக்கு வேற ஒரு பொம்பிளையையும் குடுக்கேல்லை. பெடியளுக்கான கதையில காதல் வேண்டாம் எண்டுதான் விட்டிருப்பார் எண்டு அண்ணா சொல்லுவார், எனக்கு அப்பிடித் தெரியேல்லை, ஏனெண்டால் 1965 இல வந்த ஒரு புத்தகத்தில அவளைத் திரும்பக் கொண்டு வாறார். இரும்புத்திரைக்கு அங்கால பொஹீமியாவில மாட்டிக்கொண்டு இருக்கிறவளை பிகிள்ஸ் போய் மீட்டுக்கொண்டு வாறார். ஆர் கூடப் போறது எண்டு நினைக்கிறியள்? ஃபான் ஸ்டால்ஹைன்!

பழைய_பேப்பர்:

அக்கா ஃபான் ஸ்டால்ஹைன் வில்லன்தான? நொண்டிக்கிட்டே வருவான், கண்ணுல ஒத்தக் கண்ணாடி, நீளக் குழாய்ல சிகரெட்டு. பாலஸ்தீன் கதையில படிச்ச ஞாபகம். அவன் எப்படி இவன் பக்கம் வந்தான்?

யாழ்_வாசகி:

ஓம் அவர்தான். 1935 இல அந்தப் பாலஸ்தீனக் கதையில வந்து, பிறகு இருபது வருசத்துக்கு மேல ரெண்டு பேரும் மாறி மாறி ஆளை ஆள் கொல்லப் பாக்கினம். இரண்டாவது போருக்குப் பிறகு அவர் சோவியத் பக்கத்துக்கு வேலை செய்யிறார், கடைசியில அவையே அவரைச் சகலின் தீவுச் சிறையில போட்டு விடுகினம். பிகிள்ஸுக்கு அது தெரிய வருகுது. போய் வெளியில எடுக்கிறார். 1958 இல வந்த கதை. அதுக்குப் பிறகு மனுசன் லண்டனில வந்து இருக்கிறார், ரெண்டு பேரும் சேர்ந்திருந்து கதைக்கினம். எதிரியை இப்பிடி வயசாக விட்டு, களைக்க விட்டு, கடைசியில வீட்டுக்குக் கூப்பிடுறதைப் பெடியளுக்கான புத்தகங்களில நான் வேற இடத்தில அதிகம் காணேல்லை. அண்ணாவுக்கு அந்தப் புத்தகம் துண்டறப் பிடிக்காது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

கேள்விக்குறி:

சரி, பலூன் விஷயத்துல நான் தோத்துட்டேன், ஒத்துக்குறேன். ஆனா இதையும் பேசுவோம். நான் ஒரே ஒரு பிகிள்ஸ்தான் படிச்சேன், தென்கடல் தீவுல நடக்குற கதை. அதுல அந்தத் தீவு மக்களைப் பத்தி எழுதியிருக்கிற விதம் இருக்கே, குழந்தைங்க மாதிரி, வெள்ளைக்காரன் வந்து வழி காட்டணும்கிற மாதிரி. பாதியில மூடி வச்சுட்டேன். இங்கிலாந்துலயே லைப்ரரிகள்ல இருந்து இதை எடுத்திருக்காங்க. விஸ்கியை மாத்துனாங்க லெமனேடா, இதை ஏன் மாத்தல? குடி பசங்களைக் கெடுத்துரும், இது கெடுக்காதா?

வாசகன்63:

நியாயமான கேள்விதான், எனக்கு கொஞ்சம் வலிக்குது, அதனால நியாயம்னு தெரியுது. நான் பத்து வயசுல படிச்சப்ப அந்த வரியெல்லாம் கண்ணுலயே படல, இப்ப எடுத்தா பக்கத்துக்குப் பக்கம் உறுத்துது. அது அந்தக் காலம்னு சொல்லித் தப்பிக்க எனக்கு மனசில்ல, அந்தக் காலத்துலயும் அதைப் படிச்சு சுருங்கிப் போனவங்க இருந்திருப்பாங்கல்ல.

இதுல விசித்திரம் என்னன்னா பிகிள்ஸ் பொறந்ததே நம்ம நாட்டுலதான். கதைப்படி 1899 மே மாசம். அப்பா இங்க பிரிட்டிஷ் நிர்வாகத்துல அதிகாரி, பையன் வளந்தது கட்வால் மலைப்பக்கம், இந்தி சரளமாப் பேசுவான், அப்புறம்தான் சீமையில போர்டிங் ஸ்கூல். அந்த பால்யத்தை வச்சே 1968ல ஒரு தனிப் புக்கு வந்துச்சு. 1945ல வந்த ஒரு கதை முழுக்க நம்ம பக்கத்துலதான் நடக்குது, இங்கேருந்து சீனாவுக்கு சாமான் கொண்டு போற ப்ளேனெல்லாம் மாயமா விழுந்துக்கிட்டே இருக்கும், ஏன்னு கண்டுபிடிக்க பிகிள்ஸ் வருவான். காரணம் சொல்ல மாட்டேன், படிச்சுக்கோங்க. ஆனா இத்தனைக்கும் அந்தக் கதைகள்ல இந்தியன்னா சமையல்காரன், காவக்காரன், இல்லாட்டி சந்தேகப்படுற மாதிரி ஒரு ஆளு. கூட உக்காந்து பறக்குறவனா ஒருத்தனும் நான் படிச்ச வரைக்கும் இல்ல.

நூலகப்பூனை:

இதுக்காகவே லாகின் பண்ணேன்! ஏன்னா நெசத்துல இருந்தாங்க!!

ஹர்தித் சிங் மாலிக். ராவல்பிண்டிக்காரர், ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவர், சசெக்ஸ் டீமுக்கு கிரிக்கெட் ஆடினவர். பிரிட்டிஷ் பறக்கும் படையில முதல்ல எடுக்கல, இவரு பிரான்ஸ் பக்கம் சேரப் போறாருன்னு தெரிஞ்சதும் அவரோட ஆக்ஸ்ஃபோர்டு வாத்தியாரு மேலிடத்துக்கு லெட்டர் போட்டாரு, அதுக்கப்புறம் 1917ல எடுத்துக்கிட்டாங்க. தலைப்பாகைய எடுக்க முடியாதுன்னுட்டாரு, தலைப்பாகை மேலயே போட்டுக்கற மாதிரி பெரிய ஹெல்மெட் தனியாச் செஞ்சுக்கிட்டாரு. பறந்தது எதுல தெரியுமா, சாப்வித் கேமல். பிகிள்ஸ் ஓட்டின அதே கேமல். 1917 அக்டோபர்ல கால்ல குண்டு பட்டும் ப்ளேனை எல்லைக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்து சேத்துட்டாரு. சுதந்திரத்துக்கு அப்புறம் பிரான்ஸுக்கு நம்ம தூதரா போனாரு.

இன்னொருத்தர் இந்திரலால் ராய், கல்கத்தாக்காரர், பொறந்தது 1898 டிசம்பர். பிகிள்ஸுக்கு அஞ்சு மாசம் மூத்தவர்! கண்ணு சரியில்லைன்னு தள்ளிட்டாங்க, தன்னோட மோட்டார் சைக்கிளை வித்து ஒரு பெரிய கண் டாக்டர்கிட்ட செகண்ட் ஒப்பீனியன் வாங்கிட்டு வந்து சேந்தாரு. 1918 ஜூலையில ரெண்டு வாரத்துக்குள்ள பத்து விமானம். ஜூலை 22, அதே மாசம், தீப்பிடிச்சு விழுந்துட்டாரு. பத்தொம்பது வயசு. ஃபிட்டர் சார் சொன்ன அந்த பாராசூட் இல்லாத கணக்குல இவரும் ஒருத்தர்.

ஜான்ஸ் இவங்களைப் பத்தி எழுதல. அந்த வயசு, அந்தப் போர், ஒருத்தர் அதே ப்ளேன் வேற. பொறந்தது இந்தியாவுலன்னு வரைக்கும் எழுதினவரு ஒரு அஞ்சு நிமிஷம் பக்கத்துல பாத்திருக்கலாம்.

கேள்விக்குறி:

பூனை 👏👏 மோட்டார் சைக்கிளை வித்தாரா!! எனக்கு இப்பவே இந்தக் கதை வேணும்.

மழைக்காக்கை:

1899ல பொறந்தான்னு சொன்னதும் கணக்கு போட்டேன். 1940ல ரெண்டாவது போர்ல ஸ்பிட்ஃபயர் ஃபைட்டர் ப்ளேன் ஓட்டும்போது 41 வயசு. 1960கள்லயும் ஸ்காட்லாண்டு யார்டு விமானப் போலீஸ்ல ஓடிட்டு இருக்கான், அப்ப 60 தாண்டிருச்சு, இன்னும் மரத்துல இருந்து ப்ளேன் மேல குதிக்கிறான். நம்ம ஹீரோக்களைத்தான் சும்மா கிண்டல் பண்ணிட்டு இருந்தோம்.

வாசகன்63:

ஹாஹா, ஜான்ஸ் அதை ரொம்ப சாமர்த்தியமா கண்டுக்காம விட்டுட்டாரு. இன்னொரு குட்டு உடைக்கிறேன். 1941ல ஸ்பிட்ஃபயர் கதைங்கன்னு ஒரு தொகுப்பு வந்துச்சுல்ல, ஒத்தக் கண்ணாடி போட்ட லார்டு பெர்ட்டி அறிமுகமாற புக்கு, அதுல சில கதை அப்படியே பழைய கேமல் கதைங்கதான், ப்ளேன் பேரை மாத்தி, ஊரை மாத்தி திரும்ப ஓட்டிட்டாரு. துணிச்சல்தான்.

ஆனா மனுஷன் வாழ்க்கையே கதைதான். கேமல்ல சண்டை போட்டவர்னு எல்லாரும் நினைப்பாங்க, இல்ல. துருக்கியில கலிப்போலி சண்டையில காலாட்படை மாதிரி கெடந்து, அப்புறம் மெஷின்கன் படை, கிரீஸ்ல சலோனிகா, அதுக்கப்புறம்தான் 1917ல பறக்க வந்தாரு. இங்கிலாந்துல கத்துக்கொடுக்குற வாத்தியாரா போட்டாங்க, அங்க மூணு நாள்ல மூணு ப்ளேனை உடைச்சாராம், ஒண்ணு கடல்ல, ஒண்ணு மணல்ல, ஒண்ணு கூட வேலை பாக்குற ஆபீசர் வீட்டுப் பின்கதவுல. துப்பாக்கி டைமிங் தப்பி தன்னோட ப்ரொப்பல்லரைத் தானே சுட்ட கதையும் உண்டு. கடைசியா 55 ஸ்க்வாட்ரன்ல டி.ஹெச்.4 பாம்பர். 1918 செப்டம்பர் 16, மான்ஹைம் போற வழியில சுட்டு வீழ்த்திட்டாங்க, பின்சீட்ல இருந்தவர் செத்துட்டாரு, இவரு கைதி, போர் முடியுற வரைக்கும் ஜெர்மன் முகாம். இருபத்தஞ்சு வயசு. ஒரு வருஷம்கூட சண்டைப் பறத்தல் இல்ல, சில வாரம்தான். அதை வச்சு முப்பத்தாறு வருஷம் எழுதினாரு. புக்கு அட்டையில "கேப்டன்" ஜான்ஸ்னு இருக்கும், அதுவும் அவரே போட்டுக்கிட்டதுதான், கடைசியா இருந்தது ஃப்ளையிங் ஆபீசர்.

1922ல லண்டன்ல விமானப்படை ஆள் சேர்ப்பு ஆபீஸ்ல உக்காந்திருக்காரு, ஜான் ஹியூம் ராஸ்னு ஒரு ஒல்லியான ஆளு வந்து சேரணும்னு நிக்குறான். பேப்பர் சரியில்லை, பேரே பொய்யின்னு திருப்பி அனுப்பிட்டாரு. கொஞ்ச நேரத்துல அதே ஆளு மேலிடத்து உத்தரவோட வந்துட்டான். யாருன்னா அரேபியாவுல பேர் வாங்கின டி.இ. லாரன்ஸ்! பேர் மாத்தி சிப்பாயா சேர வந்திருக்காரு.

அப்புறம் 1939ல பத்திரிகையில அரசாங்கத்தைக் கிழிகிழின்னு கிழிச்சாரு, ஹிட்லர் ரெடியாறான் நம்ம விமானப்படை தூங்குதுன்னு. எடிட்டர் வேலை போச்சு. சாகுறப்ப ஒரு பிகிள்ஸ் கதை பாதியில நின்னுச்சு, அதுல பிகிள்ஸ் ரிட்டயர் ஆகப் போறான், அவன் இடத்துக்கு வர்ற புது ஆளு கலப்பினத்தவன். கேள்விக்குறி தம்பி கேட்ட கேள்வி அவருக்கும் கடைசியில உறைச்சிருக்குமோ என்னமோ, அதுக்குமேல எழுத ஆளு இல்ல.

நூலகப்பூனை:

ஒரு சின்னத் தகவல். ஐயா, பொண்ணுங்க படிக்க இதே ஆளு வோரல்ஸ்னு ஒரு பெண் பைலட் கதையும் எழுதினாரு, 1941ல. போர்ல பொண்ணுங்களை விமானப்படைக்கு இழுக்கணும்னு அரசாங்கமே கேட்டுக்கிட்டதாம். என் ஓட்டு அவளுக்குத்தான்.

பழைய_பேப்பர்:

ரெண்டு நாளா வேலையில மாட்டிக்கிட்டேன், இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன், இந்த இழையையே பிரிண்ட் எடுத்து அந்தப் பெட்டிக்குள்ள போட்டு வைக்கப் போறேன்.

நேத்து ராத்திரி பையனுக்கு பலூன் கதையை முதல்ல இருந்து திரும்பச் சொன்னேன். விஸ்கின்னே சொல்லிட்டேன். வீட்டம்மா அடுப்படியில இருந்து ஒரு பார்வை பாத்தாங்க, பரவால்ல. கை நடுங்குறது, காலரை நோண்டுறது எல்லாம் சேத்து சொன்னேன். பாராசூட் இல்லைங்கிறதையும் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம படுத்திருந்தான், "கூடையில இருந்தவன் குதிச்சுட்டானா?"ன்னு கேட்டான், குதிச்சுட்டான்னேன். அப்புறம் மோட்டார் சைக்கிள் வித்த ராய் கதை, அதை மூணு தடவை சொல்ல வச்சான்.

ஆனா விளக்கெண்ணெய்தான் தப்பாப் போச்சு. காலையில பல்லு விளக்கிக்கிட்டே வந்து கேக்குறான்: "அப்பா, ரெண்டு மணி நேரம் விளக்கெண்ணெய் உள்ள போனா அவங்களுக்கு வயித்தால போகாதா? நடு வானத்துல என்ன பண்ணுவாங்க?" ஃபிட்டர் அண்ணே, இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும், ஸ்கூல் விட்டு வந்ததும் கேப்பான்.

எஞ்சின்_ஃபிட்டர்:

பையன் எஞ்சின் லைனுக்கு வருவான், எழுதி வச்சுக்கோங்க. போகும்னுதான் சொல்றாங்க. இறங்கின உடனே ஓடுனவங்களும் உண்டு, இறங்குற வரைக்கும் தாங்காதவங்களும் உண்டு. வயித்தைக் கட்டுறதுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மடக்கு பிராந்தி போட்டுக்குவாங்களாம், அதான் மருந்துன்னு ஒரு நம்பிக்கை.

மழைக்காக்கை:

அப்ப விஸ்கிதான். லெமனேடு குடிச்சிருந்தா இன்னும் மோசமாப் போயிருக்கும். பழைய பேப்பர் அண்ணே, பஞ்சாயத்து முடிஞ்சுது, பையன்கிட்ட சொல்லிடுங்க.

பழைய_பேப்பர்:

வீட்டம்மா பக்கத்துல இல்லாதப்ப சொல்றேன்.